இடது பின்சக்கரத்துச் சத்தம்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். வாசல் விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது, காரின் இடது பின்சக்கரத்தை ஒட்டி மணலில் இருந்த ஓர் ஈர வட்டம். சாப்பாட்டுத் தட்டின் அளவு. நடுவில் துருவின் நிறம், ஓரத்தில் வெள்ளையாக ஓர் உப்புக் கோடு. முந்தின நாள் ஏற்றிய மீன் பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் என்று நினைத்தேன். அது சரிதான். அந்தத் தண்ணீர் எதன் மேல் பட்டு இறங்கியது என்று யோசிக்கவில்லை.

அந்த நாட்களில் எழுந்ததும் மூன்று வேலைகள் செய்வேன். காரைச் சுற்றி வந்து டயர்களில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பேன். சாவியைப் போட்டு மூன்று நிமிடம் ஓடவிடுவேன். பிறகு உள்ளே வந்து, மனைவி எழுந்திருக்கும் முன், அவள் படுத்திருக்கும் கட்டிலின் விரிப்பைப் பார்ப்பேன். விரிப்பு வெள்ளை. வேண்டுமென்றே வெள்ளை போட்டிருந்தோம்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த கர்ப்பம். எட்டு மாதம் முடிந்திருந்தது. பொன்னேரியில் ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: “நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கு. வலியே இல்லாம ரத்தம் படலாம். பட்டா போன் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க. முதல்ல வண்டியில ஏத்துங்க, அப்புறம் போன் பண்ணுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க இருக்கணும். அதுவரைக்கும் குலுங்காம பாத்துக்குங்க.”

எங்கள் வீடு லைட்ஹவுஸ் குப்பத்தில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே, ஏரியைப் பார்த்தாற்போல் இருக்கிறது. பாலத்தைத் தாண்டி, பழவேற்காடு கடைத்தெருவைக் கடந்து, திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக ஐம்பது நிமிடம். இரண்டு முறை ஓட்டிப் பார்த்துக் கணக்கு எடுத்திருந்தேன். மிச்சம் பத்து நிமிடம். டயர் மாற்ற எனக்கு இருபது நிமிடம் ஆகும்.

ஆம்புலன்ஸ் பொன்னேரியிலிருந்து இங்கே வந்து, பிறகு திரும்பிப் போக வேண்டும். மனைவியின் அக்கா வீடு மீஞ்சூரில், ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடத் தொலைவில் இருக்கிறது. அங்கே போய்த் தங்குவதாகத்தான் ஏற்பாடு. துணிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டோம். அந்த வாரம் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று, மூன்றாவது தண்ணீர் ஊற்றும்வரை இந்தப் பக்கம் வராதீர்கள் என்று போன் வந்தது. பொன்னேரியில் வாடகைக்கு ஓர் அறை தேடினேன். கிடைத்தது இரண்டாவது மாடி. படி ஏறக் கூடாது.

ஆகவே காரை நம்பி இருந்தோம். பன்னிரண்டு வருஷப் பழைய கார், நான் மூன்றாவது உரிமையாளன். அதில் ஐந்து நாட்களாக ஒரு சத்தம்.

சத்தத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். கிறீச் இல்லை, உரசல் இல்லை. “டொக்”. பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒருவர் கதவை முட்டியால் ஒருமுறை தட்டியதுபோல. வேகத்தடையில் பின்சக்கரம் ஏறும்போது வராது, இறங்கும்போது வரும். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வரும். நான் மட்டும் ஓட்டினால் சில இணைப்புகளில் வராது. பின்னால் ஆளோ பெட்டியோ இருந்தால் ஒன்றுகூடத் தப்பாது. நான் பத்திரிகை நிருபர். செய்திக்குக் குறிப்பெடுக்கும் சின்ன நோட்டில் இதையெல்லாம் எழுதினேன்: நேரம், இடம், வேகம், பின்னால் என்ன பாரம். நான்கு பக்கம் நிரம்பியது. காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

முதல் நாளே பொன்னேரிக்கு எடுத்துப் போனேன். அங்கே மெக்கானிக், என் வயதுக்காரர், காரை லிஃப்டில் ஏற்றி, கீழே நின்று சுத்தியல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். சேறு காய்ந்து ஒட்டியிருந்த இடங்களில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஷாக் அப்சார்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்று நான்கையும் மாற்றினார். திரும்பி வரும்போது முதல் வேகத்தடையிலேயே சத்தம் வந்தது. போனில் சொன்னேன்.

“சார், பழைய வண்டி. கொஞ்சம் பேசும். பேச்சு நின்னாத்தான் பயப்படணும்” என்றார்.

இரண்டாவதாகப் பார்த்தவர் எதிர்வீட்டுக்காரர். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது அவர் தொழில். நான் கூப்பிடவில்லை, சத்தத்தைக் கேட்டு அவராக வந்தார். மணலில் படுத்து அடியில் தலையை விட்டார். நீலநிற நைலான் கயிற்றால் சைலன்சரை மூன்று சுற்றுச் சுற்றி, வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டார். “இனிமே அது ஆடணும்னா வண்டியே ஆடணும்” என்று மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கட்டு கெட்டியாக இருந்தது. சத்தம் போகவில்லை.

மனைவி சத்தத்தைப் பற்றி ஒருமுறைதான் பேசினாள். செவ்வாய்க்கிழமைப் பரிசோதனைக்குப் போய்த் திரும்பும்போது, பின்சீட்டில் இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். பாலத்தின் பாதியில் சொன்னாள்: “இது ‘டொக்’குங்கிறப்போ உள்ள அது திரும்புதுங்க.”

“எப்பவுமேவா?”

“எண்ணலை. நீங்கதான் எண்ணுவீங்க.”

குழந்தை சத்தத்துக்குத் திரும்புவது இயல்புதான் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். நான் அதையும் எழுதிக்கொண்டேன். வேகத்தை இருபதுக்குக் குறைத்தேன். ஐம்பது நிமிடம் என்ற கணக்கு இருபதில் ஓட்டினால் செல்லாது என்பது அன்று மாலைதான் உறைத்தது.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கயிறு கட்டியவரின் மனைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பவர். பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். வாரத்தில் நான்கைந்து நாள் அவர் பெட்டி என் காரின் டிக்கியில் பாலத்தைத் தாண்டி ஏலம் நடக்கும் இடத்துக்குப் போகும். அவர் தலையில் சுமந்து போவதைப் பார்த்து என் மனைவி தொடங்கி வைத்த பழக்கம் அது. தொடங்கிய வாரமே ஐஸ் உருகிய தண்ணீர் டிக்கியில் தேங்கி நாறியது. அக்காவின் கணவர் துளைபோடும் மெஷினோடு வந்தார். ஃபைபர் படகின் பின்பக்க அடியில் ஓர் ஓட்டை இருக்கும். படகைக் கரையேற்றியதும் அடைப்பைப் பிடுங்கினால் உள்ளே நிற்கும் தண்ணீர் போய்விடும். அதேபோல டிக்கியின் தரையில், இடது மூலையில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார். டார்ச் பிடித்தது நான். இது நடந்து ஒன்றரை வருஷம். அதற்குப் பிறகு டிக்கி நாறவில்லை.

அன்று, ஈர வட்டத்தைப் பார்த்த காலை, ஆறே காலுக்கு அக்கா பெட்டியோடு வந்தார். நான் காரின் பின்னால் குனிந்து நின்றேன்.

“இன்னா தம்பி, காரைச் சுத்திச் சுத்தி வர? கோயிலா அது?”

“சத்தம் போகலைக்கா.”

“எங்காளு கட்டினாரே?”

“கட்டு நல்லாத்தான் இருக்கு.”

“அந்தாளுக்கு எல்லாமே படகு. ஊட்ல கொழந்த அழுதாலும் கயிறு எடுத்துனு வருவாரு.” பெட்டியை டிக்கியில் வைத்தார். மூடப் போன என் கையைப் பிடித்தார். “மூடாத. நான் இங்கயே குந்திக்கிறேன். நீ பாலத்து மேல ஓட்டு.”

“டிக்கியிலயா?”

“ஏரியில இன்னா கண்ணாலயா பாக்கிறோம்? தண்ணி கலங்கிக் கீது, ஒண்ணுந் தெரியாது. கைய வெச்சாத்தான் எது சேறு, எது கல்லு, எது நண்டுன்னு தெரியும். நீ கண்ணால தேடற, அந்தப் பொன்னேரி ஆளும் கண்ணால தேடறாரு. ஓட்டு.”

டிக்கிக் கதவைக் கயிற்றால் பாதிக்கு இழுத்துக் கட்டிக்கொண்டோம். அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் விரித்து வைத்தார். பாலத்தில் இருபதில் ஓட்டினேன். முதல் இணைப்பு. டொக். பின்சீட்டுக்கு மேலாகக் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். இரண்டாவது, மூன்றாவது. கையை வலதுபக்கம் நகர்த்தினார். பிறகு சக்கரத்துக்கு மேல் உள்ள பக்கச் சுவரில் வைத்தார். பாலத்தின் முடிவில் திரும்பச் சொன்னார். மறுபடி அதே இணைப்புகள், எதிர்த் திசையில்.

“நிறுத்து” என்றார் வீட்டு வாசலில். “வலதுபக்கம் ஒண்ணும் இல்ல, பொணம் மாதிரி கீது. மேலயும் இல்ல. இடது, கீழ. நீ ஒரு சத்தம்னு சொல்ற. ரெண்டு வருது.”

“ஒண்ணுதான்க்கா கேக்குது.”

“காதுக்கு ஒண்ணு. கைக்கு ரெண்டு. மொதல்ல சின்னதா ஒண்ணு நழுவுது, அப்பால பெருசு உழுவுது. பொந்துல நண்டு பின்னால நவுந்துட்டு அப்பறமா முட்டும் பாரு, அது மாதிரி.”

நான் ஜாக்கியை எடுத்தேன். “ஏத்தாத” என்று அதட்டினார். “நிக்கிற மாதிரியே நிக்கட்டும். பெட்டியும் உள்ளயே இருக்கட்டும். பொந்தைத் தோண்டினா நண்டு இன்னும் கீழ போவும்.”

மணலில் ஒருக்களித்துப் படுத்தார். வலதுகையைத் தோள்வரை சக்கரத்துக்கு உள்பக்கம் விட்டார். முகத்தை டயரின் பக்கம் திருப்பவில்லை, ஏரியின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். விரல்கள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. கருத்த சேறு கட்டி கட்டியாக வெளியே வந்து விழுந்தது. மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்த அதே சேறு.

“கம்பி ஒண்ணு சுருண்டு போவுது.”

“ஸ்பிரிங்.”

“பேரு எதுவோ. கீழ ஒரு கிண்ணி மாதிரி கீது, அதுல குந்திக் கீது. சுத்திக்கினு வரேன்... வரேன்... இங்க முடியுது.” நிறுத்தினார். “முடிஞ்சி, அப்பால இன்னொண்ணு ஆரம்பிக்குது.”

கையை வெளியே எடுத்தபோது நடுவிரல் நுனியில் ரத்தம் இருந்தது. “கடிச்சிட்சி” என்று சொல்லி, முந்தானையில் துடைத்துக்கொண்டார். அந்தச் சிவப்பை நான் தேவைக்கு மேல் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை உள்ளே விட்டுப் படம் எடுத்தேன். படத்தில் எல்லாம் இருந்தது. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து, உடைந்த துண்டு கிண்ணத்தில் தனியாகக் கிடந்தது. மேல்பகுதி அதிலிருந்து விலகி, கூரான முனையோடு டயரைப் பார்த்து நின்றது. முனைக்கும் டயருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. இரண்டாவது படம் கொஞ்சம் மேலே எடுத்தது. அதில் டிக்கியின் அடிப்பாகமும், அதில் வட்டமாக ஓர் ஓட்டையும், ஓட்டையிலிருந்து கீழே கிண்ணம்வரை துரு இறங்கிய தாரையும் இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியிலிருந்து ஒரு சொட்டு அந்த வழியாக வந்து ஸ்பிரிங்கில் விழுந்தது.

அக்கா போனைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார்.

“உப்புத் தண்ணி” என்றார். “நாங்க போட்ட ஓட்டை.”

“டார்ச் புடிச்சது நான்தான்க்கா.”

“டார்ச்சு பிடிச்சா? தொளை போட்டது யாரு? படகுக்கு அடியில தண்ணி, காருக்கு அடியில இரும்பு. அது கூடத் தெரியாம...” எழுந்து வீட்டைப் பார்த்துக் கத்தினார்: “யோவ்! வெளிய வா! நீ பண்ண வேலைய வந்து பாரு!”

அவர் வந்து பார்த்தார். திரும்பிப் போய்க் கயிறு எடுத்து வந்தார். இந்த முறை அக்கா அதைக் கேலி செய்யவில்லை. கணவர் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து, கூரான முனையைச் சுற்றிப் பழைய டயர் ட்யூபின் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றினார். வேலை முடிய அரைமணி நேரம் ஆனது.

மெக்கானிக்குக்குப் படங்களை அனுப்பிவிட்டுப் பேசினேன்.

“லிஃப்ட்ல ஏத்திப் பாத்தேனே சார்!”

“ஏத்தாம எடுத்த படம் இது.”

“முப்பதுக்கு மேல போகாதீங்க. பின்னால யாரும் உக்காரக் கூடாது, பாரமும் வேணாம். ஸ்பிரிங் மெட்ராஸ்லேர்ந்து வரணும். மத்தியானம் ஆயிடும்” என்றார்.

காரை எடுத்துப் போனால் வீட்டில் கார் இல்லை. எடுத்துப் போகாவிட்டால், அவளை ஏற்றக் கூடாத கார் வாசலில் நிற்கும். இரண்டில் எது மோசம் என்று மனைவியிடம் கேட்டேன். “எடுத்துட்டுப் போங்க. அதைப் பாத்துக்கிட்டே இருக்கிறதுதான் மோசம்” என்றாள். ஒரு ஷேர் ஆட்டோவைப் பேசி மாலைவரை வாசலில் நிற்க வைத்தேன். ஆட்டோவில் குலுங்காமல் போக முடியாது. வேறு வழியே இல்லாவிட்டால்தான் அது. அக்கா அன்று ஏலத்துக்குப் போகவில்லை. பெட்டியைக் கணவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பொன்னேரி போய்ச் சேர ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. வழியெல்லாம் நான் இடதுபக்கம் கேட்டுக்கொண்டு போனேன். ட்யூப் துண்டு இருந்ததால் சத்தம் மாறியிருந்தது. மந்தமாக, தலையணைக்குள் குத்தியதுபோல. இந்தச் சத்தம் பழையதைவிட மோசமா நல்லதா என்று தெரியாமல் இருப்பது பழையதைவிட மோசமாக இருந்தது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. ஒதுங்கி வழிவிட்டேன்.

மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றினார். என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். கயிறு சுற்றியிருந்ததைத் தவிர ஸ்பிரிங் முழுசாகத் தெரிந்தது. “பாரம் இல்லைன்னா கம்பி நீளும் சார். ரெண்டு துண்டும் ஒட்டிக்கும். சேறு வேற மூடியிருந்தா யார் கண்ணுக்கும் தெரியாது” என்றார். தனக்காகச் சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு கயிற்றை அறுக்க முயன்றார். முதல் பிளேடு முனை மழுங்கியது. “எவன்யா கட்டினது? இவனை வேலைக்கு வெச்சுக்கலாம்.”

துண்டு கழன்று தரையில் விழுந்தது. என் சுட்டுவிரல் நீளம். உடைந்த முகத்தில் முக்கால்வாசி கருந்துரு. ஓரத்தில் மட்டும் ஒரு நகக்கீற்று அளவுக்கு வெள்ளியாக மின்னியது. முக்கால்வாசி விரிசல் பல மாதங்களுக்கு முன்பே விட்டிருக்கிறது, கடைசிக் கால்வாசி இப்போதுதான் அற்றது என்றார். டயரைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ரப்பரில் ஒரு கோடு, வண்டி குலுங்கும்போது முனை இறங்கி உரசியது. விரலை வைத்தால் நகம் உள்ளே இறங்கியது.

“இதோட அம்பதுல போயிருந்தா?” என்று கேட்டேன்.

“எதுக்கு சார் அதெல்லாம்” என்றார்.

ஸ்பிரிங் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், ஒருபக்கம் புதுசு ஒருபக்கம் பழசு என்றால் வண்டி சாயும் என்றார். டயரையும் மாற்றச் சொன்னேன். இரண்டரைக்குமேல் போனைக் கடையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து போனைப் பார்த்தேன். அக்காவின் எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள். 2.40, 2.44, 2.52. திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மனைவி எண்ணுக்கு அடித்தேன். அடித்து ஓய்ந்தது. காரைப் பார்த்தேன். நான்கு சக்கரத்தில் இரண்டுதான் இருந்தன. ஆட்டோ இந்நேரம் எங்கே வந்துகொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டேன். 2.52க்குக் கிளம்பியிருந்தால் திருப்பாலைவனம் தாண்டியிருக்காது. ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தே போய் நிற்கலாம் என்று நாலு கடை தள்ளிப் போனபோது போன் மணி அடித்தது.

“இன்னாப்பா, போனே எடுக்க மாட்டேங்கிற?”

“என்னக்கா? என்ன ஆச்சு?”

“உம்பொண்டாட்டி காப்பி கேக்குது. குடுக்கலாமா? டாக்டரம்மா எதனா சொன்னாங்களா?”

“மூணு தடவை அடிச்சீங்களேக்கா.”

“நீ எடுக்கல. அதான் மூணு தடவ.”

ஐந்து மணிக்குத் திரும்பினேன். பாலத்தின் இணைப்புகளில் கார் ஏறி இறங்கியது. எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது, கடைசி இணைப்புவரை. நோட்டை எடுத்து நேரத்தை எழுதினேன். அதற்கு எதிரே எழுத ஒன்றும் இருக்கவில்லை.

வாசலில் அக்காவின் கணவர் காத்திருந்தார். வலை மிதவைக் கட்டை ஒன்றை வெட்டி, செதுக்கி, கையில் வைத்திருந்தார். டிக்கியைத் திறந்து ஓட்டையில் வைத்து அடித்து இறக்கினார். அதன்மேல் படகுக்குப் பூசும் ஃபைபர் பசையைப் பூசினார். அது இறுகும்வரை பக்கத்திலேயே நின்றார். விரலால் அழுத்திப் பார்த்தார். போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறே காலுக்கு அக்கா வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த பெட்டி நாளிலும் அப்படியே. அன்று மாலை மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்துச் சொன்னாள்: “அக்கா, காரைக் கண்டா பயமா உங்களுக்கு?”

“எனக்கின்னா பயம்? உன் வண்டிக்குத்தான் என்னக் கண்டா பயம். தொட்டா ஒடையுது.”

“ஓட்டையத்தான் அடைச்சாச்சே. இனிமே பெட்டி வண்டியிலதான் போவணும். இல்லைன்னா நான் உங்ககிட்ட இறால் வாங்க மாட்டேன்.”

“நீ காசு குடுத்து எப்ப வாங்கின?” என்றார் அக்கா. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்காதே என்றேன்.

சனிக்கிழமை அக்கா பெட்டியோடு வந்தார். மணி ஆறு முப்பத்தெட்டு. பெட்டியை டிக்கியில் ஏற்றி மூடினேன். திரும்பியபோது மனைவி வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “ஏங்க” என்றாள். தன் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போய் அவளைத் தாங்கிப் பின்சீட்டில் ஏற்றி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆறு நாற்பத்தொன்றுக்குக் கிளம்பினோம். பாலத்தில் ஏறும்போது ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நாற்பதில் போனேன், பிறகு ஐம்பதில். வேகத்தடை வரும்போதெல்லாம் இடதுபக்கம் கேட்டேன். அக்கா ஒரு கையை மனைவியின் வயிற்றின்மேல் விரித்து வைத்திருந்தார். கண்ணாடியில் பார்த்தபோது கண் மூடியிருந்தது.

“இன்னாக்கா?” என்றேன். “அசையுதா?”

“ரோட்டப் பாரு.”

“அசையுதான்னு சொல்லுங்க.”

“அசையுது. ரோட்டப் பாரு.”

திருப்பாலைவனத்தில் பால் வண்டி ஒன்று குறுக்கே நின்றது. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, நான் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னார். வண்டி நகர்ந்தது. மனைவி தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்று அக்கா அவள் உதட்டை மட்டும் ஈர முந்தானையால் துடைத்தார். அவள் விரல்கள் குளிர்ந்து வருகின்றன என்று என்னிடம் சொல்லவில்லை, பிறகுதான் சொன்னார்.

ஏழு இருபத்தேழுக்கு ஆஸ்பத்திரி வாசல். நாற்பத்தாறு நிமிடம். ஸ்ட்ரெச்சர் வெளியே வந்து நின்றது. இரண்டு தாள்களில் கையெழுத்துப் போட்டேன். ரத்தம் போதவில்லை என்றார்கள். நானும், தகவல் கேட்டு ஓடி வந்த மெக்கானிக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தோம். அக்கா தியேட்டர் கதவுக்கு எதிரே சுவரை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சேலையில் உலர்ந்த ரத்தம். இரண்டு உள்ளங்கையும் தரையில் இருந்தன.

எட்டு ஏழுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ முந்நூறு. மனைவியை வெளியே கொண்டுவரப் பத்து மணி ஆயிற்று. முகம் காகிதம்போல் இருந்தது. கண்ணைத் திறந்து குழந்தையைக் கேட்டாள். காட்டினார்கள். பிறகு என்னைப் பார்த்து, “அக்கா பெட்டி?” என்றாள்.

கீழே போனேன். கார் வெயிலில் நின்றது. டிக்கியைத் திறந்தேன். ஐஸ் முழுக்க உருகியிருந்தது. டிக்கிக்குள் தண்ணீர், அடைத்த ஓட்டைக்கு மேல், இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது.